பிச்சை என்ற பெயர் எங்கே போயிற்று?

கல்வியாண்டு தொடங்கும்போது புதிய வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை உரக்கப் படிப்பது ஆசிரியர்களாகிய எங்கள் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் இயற்பியல் வகுப்பு ஒன்றில் நான் ஒரு சிறு சோதனை செய்தேன். மாணவர்கள் தம் பெயரை எழுதி, அதன் கீழே தம் பாட்டன் பாட்டிமார் பெயர்களையும் எழுத வேண்டும் என்றேன். மாணவர்கள் எல்லாரும் தஞ்சை, பாபநாசம், மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள். தாள்களைத் திரட்டிப் பார்த்தபோது ஓர் உண்மை கண்ணில் பட்டது. மேல் வரியில் ஒரு தடவைகூட வராத பெயர்கள் கீழ் வரிகளில் திரும்பத் திரும்ப வந்தன. பிச்சை, பிச்சையம்மாள், குப்புசாமி, குப்பம்மாள், மூக்கன், போதும்பொண்ணு ஆகியவை அவற்றுள் சில.

வாசகர்களே, இப்பெயர்கள் ஏன் இடப்பட்டன என்பதை அறிவீர்களா? முன் பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்த பிள்ளையாவது தங்க வேண்டும் என்ற தவிப்பில் வைக்கப்பட்ட பெயர்கள் இவற்றுள் பல. அழகான பெயரிட்டால் எமன் கண் படும். பிச்சை என்றும் குப்பை என்றும் அழைத்தால் 'இது யாருக்கும் வேண்டாத பிள்ளை' என்று விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. சில வீடுகளில் பிள்ளையை அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். மூக்குக் குத்தப்பட்ட ஆண்பிள்ளை மூக்கன் ஆனான். போதும்பொண்ணு என்ற பெயரின் கதை வேறு. பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்த வீட்டின் சலிப்பை அந்தப் பெயரில் காணலாம்.

என் பெரியப்பாவின் பெயரும் பிச்சைதான். திருவையாற்றுக்கு அருகேயுள்ள எங்கள் ஊரில் அவர் தவிட்டுக்கு வாங்கின பிள்ளை. அவருக்கு முன் பிறந்த இருவர் ஓராண்டு முடியுமுன் இறந்தனர். என் அப்பாயியிடம் கேட்டால், "பெத்தது ஒம்பதுய்யா, தங்குனது நாலு" என்பார். 'தங்கியது' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். குழந்தை என்பது வந்து போகும் விருந்தாளி, தங்கினால் அதிருஷ்டம் என்று ஒரு தலைமுறை முழுவதும் எண்ணியிருந்தது.

ஒரு பெயர் வழக்கிலிருந்து மறைந்தது ஒரு பெரிய வரலாற்று மாற்றத்தின் அடையாளம் ஆகும். பிறப்பும் இறப்பும் இயற்கையின் செயல்கள் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் எத்தனை பேர் பிறக்கின்றனர், எத்தனை பேர் இறக்கின்றனர் என்ற எண்ணிக்கையில் நம் பழக்கவழக்கங்களுக்கும் நம்பிக்கைகளுக்கும், சுருங்கச் சொன்னால் பண்பாட்டுக்கு, பெரும்பங்கு உண்டு. காவிரிப் படுகையின் கதையைக் கொண்டு அதனை ஆராய்வோம்.

வரவும் செலவும்

முதலில் கணக்கு. ஓர் ஏரியில் தண்ணீர் மட்டம் உயருமா தாழுமா என்பது வரத்து வாய்க்காலையும் வடிகால் மதகையும் பொறுத்தது. மக்கள்தொகையும் அவ்வாறே. ஆயிரம் பேருக்கு ஓராண்டில் பிறப்போர் எண்ணிக்கை பிறப்பு வீதம். இறப்போர் எண்ணிக்கை இறப்பு வீதம். இரண்டின் வேறுபாடு இயற்கையான பெருக்கம். வெளியூருக்குக் குடிபெயர்வோரையும் வெளியூரிலிருந்து வருவோரையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் பிறப்பு வீதம் ஏறத்தாழ 49, இறப்பு வீதம் ஏறத்தாழ 43 என்று மதிப்பிடப்பட்டுள்ளது. வரத்து பெரிது, வடிகாலும் பெரிது. ஆகவே ஏரியின் மட்டம் மெல்லவே உயர்ந்தது. 1918-19இல் விஷக்காய்ச்சல் எனப்படும் இன்புளுயன்சா பரவியபோது, 1911க்கும் 1921க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகை சற்றுக் குறையவும் செய்தது. அந்தப் பத்தாண்டுகளில் சராசரி ஆயுள் ஏறத்தாழ 20 ஆண்டுகளே.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். சராசரி ஆயுள் 20 என்றால் எல்லாரும் 20 வயதில் இறந்தனர் என்பது பொருளன்று. பிறந்த ஓரிரு ஆண்டுகளில் மிகப்பலர் இறந்தனர். அந்தக் கண்டத்தைத் தாண்டியவர்கள் 50, 60 வயது வரை வாழவும் கூடும். நான்கு பேரில் இருவர் பிறந்த சில மாதங்களில் இறந்து, மற்ற இருவர் 40 வயது வரை வாழ்ந்தால் சராசரி 20தானே?

தஞ்சை மாவட்டத்தின் கணக்கு சுவையானது. முறையான முதற் கணக்கெடுப்பு நடந்த 1871இல் இம்மாவட்டத்தில் ஏறத்தாழ 19.7 லட்சம் மக்கள் இருந்தனர். 1881இல் இது 21.3 லட்சம் ஆயிற்று. இடைப்பட்ட 1876-78 ஆண்டுகளில்தான் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. அதே பத்தாண்டுகளில் சேலம் மாவட்டம் தன் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்தது. தஞ்சையோ பெருகியது! காரணம் வெளிப்படை. சேலம் வானத்தை நம்பியது. தஞ்சைக்குக் காவிரி இருந்தது. கல்லணையும், 1830களில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் கட்டிய மேலணையும் அந்த நீரைக் காத்தன.

ஆனால் அடுத்து வந்த அமைதியான காலத்தில் தஞ்சை பெருகவில்லை. 1891இல் 22.3 லட்சம், 1901இல் 22.45 லட்சம். பத்தாண்டுகளில் ஒரு விழுக்காடுகூட உயரவில்லை. நெல் விளையும் மண்ணில் ஏன் இந்தத் தேக்கம்? நாகப்பட்டினத்துறையிலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கும், பிற வழிகளில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் பிழைக்கச் சென்றவர்கள் ஏராளம் என்பது ஒரு காரணம். சோற்றுக்குப் பஞ்சமில்லாத ஊரிலும் மரணத்துக்குப் பஞ்சமில்லை என்பது மற்றொரு காரணம்.

கும்பகோணத்து வீடு ஒன்று

கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீடு இருக்கிறது. கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீடு அது. இராமானுஜனைப் பற்றி எவ்வளவோ படித்திருப்பீர்கள். நாம் இப்பொழுது அவருடைய கணக்குகளை விடுத்து, அந்த வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கமல்லவா? அவருக்கு இரண்டு வயது நிரம்பும் தறுவாயில் வைசூரி கண்டது. பிழைத்துக்கொண்டார், தழும்புகள் மட்டும் நிலைத்தன. அவருக்குப் பின் தாயார் கோமளத்தம்மாள் அடுத்தடுத்து மூன்று குழந்தைகளைப் பெற்றார். மூன்றும் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1898இலும் 1905இலும் பிறந்த இரு தம்பியரே பிழைத்தனர். பெற்றது ஆறு, தங்கியது மூன்று. அந்த மூன்றில் மூத்தவரும் 1920இல் 32 வயதிலேயே மறைந்தார். காசநோய் என்று அன்று கருதினர். இளமையில் வந்த சீதபேதியின் விளைவாக ஈரலில் தங்கிய அமீபாக் கிருமிகளே காரணமாக இருக்கலாம் என்று டி. ஏ. பி. யங் என்ற மருத்துவர் 1994இல் எழுதினார். அக்கருத்து சரியானால், உலகம் போற்றிய அறிவைக் கொண்டுபோனது அசுத்தமான தண்ணீர் என்றாகிறது.

இராமானுஜன் 1909இல் ஜானகியை மணந்தபோது அச்சிறுமிக்கு வயது 10. கணவர் இறந்தபோது 21. மறுமணத்துக்கு அக்குலத்தில் இடமில்லை. தையல் தொழில் செய்து தன்மானத்துடன் வாழ்ந்த அந்த அம்மையார் 1994இல்தான் காலமானார். இந்த ஒரு வீட்டில் நம் கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. குழந்தை மரணம், அம்மை, தண்ணீர், பால்ய விவாகம், கைம்மை ஆகிய ஐந்திலும் உயிரியல் பாதி, பண்பாடு பாதி.

சோறும் நீரும்

பண்பாடு உயிரைக் காப்பதும் உண்டு, கெடுப்பதும் உண்டு. முதலில் காத்த கதை.

நெல்லை ஊறவைத்து அவித்து, உலர்த்தி, பின்பு குத்துவது நம் படுகையின் பழைய வழக்கம். அந்தப் புழுங்கல் அரிசியின் பெருமை மலேயாவில் தெரியவந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெரிபெரி என்னும் நோய் சீனத் தொழிலாளரை வாரிக்கொண்டு போயிற்று. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுபோகும் நோய் அது. அதே தோட்டங்களில் உழைத்த தமிழருக்கு அந்நோய் அரிதாகவே வந்தது. சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. 1905-06இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெச்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பெரிபெரியால் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள பி1 வைட்டமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் ஊடுருவிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. வைட்டமின் என்ற சொல்லே பிறவாத காலத்தில் நம் பாட்டிமார் அடுப்படியில் அதைக் காத்துவந்தனர். பயன் தெரிந்து செய்ததன்று, வழக்கமாகச் செய்தது.

இனிக் கெடுத்த கதை. காவிரிப் படுகை வாந்திபேதிக்குப் பேர்போன இடம். குளிப்பதும் துணி துவைப்பதும் மாடு கழுவுவதும் குடிநீர் மொள்வதும் ஒரே படித்துறையில். ஓடும் நீர் தூய்மையானது, அதிலும் காவிரி புனிதமானது என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருந்தது. மடி, ஆசாரம் பார்ப்பதில் எவருக்கும் இளைக்காதவர்கள் நாம். ஆயினும் மடிக்குத் தீட்டு தெரியும், கிருமி தெரியாது. 1884இல் இராபர்ட் கோக் கல்கத்தாவில் குளத்து நீரிலேயே வாந்திபேதிக் கிருமியைக் கண்டார். அந்த அறிவு படித்துறை வரை இறங்கி வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

பேறுகால அறையின் கதையும் இதுவே. பிள்ளை பெறுதல் தீட்டு என்பதால் வீட்டின் இருண்ட மூலையோ மாட்டுக்கொட்டிலின் ஓரமோ பிரசவ இடமாயிற்று. தொப்புள்கொடியை அரிவாளால் அறுப்பர். ரண ஜன்னிக் கிருமியின் வித்துகள் சாணத்திலும் மண்ணிலும் வாழ்பவை. பிறந்து ஒரு வாரத்தில் குழந்தை பால் குடிக்க வாய் திறக்க இயலாமல் விறைத்து இறந்தால், பேய் அடித்தது என்றோ தோஷம் என்றோ சொல்வார்கள். மருத்துவச்சியின் கைத்திறனில் குறையில்லை. அரிவாளைக் கொதிநீரில் போடவேண்டும் என்ற ஒரே ஒரு செய்திதான் குறைவு. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம் ஆகியவற்றால் இந்நோய் ஒடுங்கிற்று. 2015இல் இந்தியா பச்சிளங்குழந்தை ரண ஜன்னியை அறவே அடக்கிய நாடாக அறிவிக்கப்பட்டது.

அம்மை நோயிலோ பண்பாடு இரு பக்கமும் இழுத்தது. வைசூரி கண்டவரை 'அம்மா வந்திருக்கிறாள்' என்று தனியே வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி, வேற்றார் வரவைத் தடுத்தது ஒருவகையில் நோயைத் தனிமைப்படுத்துதலே. ஆனால் அதே பக்தி, ஊசி குத்துவது தெய்வக் குற்றம் என்றும் அஞ்சச் செய்தது. ஜென்னர் 1796இல் கண்ட தடுப்புமுறை 1802இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி காணப்பட்டதோ 1975இல். மருந்து வந்தபின் 173 ஆண்டுகள்! இந்தத் தாமதத்துக்கு நம்பிக்கை மட்டுமே காரணமன்று. வெப்பத்தில் கெட்டுப்போன மருந்தும், பணமும் ஆளும் போதாமையும் காரணங்களே. புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலில் இன்றும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அங்கே நிற்கும் தாய்மார்களின் பிள்ளைகள் எல்லாருக்கும் தடுப்பூசிகள் போடப்பட்டிருக்கின்றன. பக்தியும் ஊசியும் இணைந்து வாழக் கற்றுக்கொண்டன.

கட்டுப்பாடற்ற காலமா அது?

பழங்காலத்தில் மக்கள் கணக்கின்றிப் பெற்றுத் தள்ளினார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. வட அமெரிக்காவில் ஹட்டரைட் என்னும் சமயப் பிரிவினர், இளமையில் மணந்து குடும்பக் கட்டுப்பாட்டை அறவே மறுத்து வாழ்ந்தபோது, ஒரு தாய்க்குச் சராசரி 10 பிள்ளைகளுக்கு மேல் பிறந்தனர். நூறாண்டுகளுக்கு முன் இந்தியப் பெண்ணுக்குப் பிறந்த சராசரியோ ஏறத்தாழ 6. பத்து வயதில் மணம் நடந்த நாட்டில் ஏன் ஆறு? எங்கோ ஒரு தடை இருந்திருக்க வேண்டும்.

முதல் தடை கைம்மை. நோய்கள் மலிந்த காலத்தில் பல பெண்கள் இளமையிலேயே கணவரை இழந்தனர். மறுமணம் மறுக்கப்பட்டதால் அவர்களது தாய்மையும் அத்துடன் முடிந்தது. ஜானகியம்மாளின் வாழ்வு இதற்குச் சான்று. ஆனால் எல்லாச் சாதியிலும் இவ்வாறில்லை. உழைக்கும் மக்களிடையே 'அறுத்துக் கட்டுதல்' என்ற மறுமண வழக்கம் இருந்தது. ஒரே ஊரில், ஒரே வாய்க்கால் பாசனத்தில், அக்கிரகாரத்துக்கு ஒரு விதி, சேரிக்கு வேறு விதி.

இரண்டாவது தடை தாய்ப்பால். இரண்டு மூன்று ஆண்டுகள் பால் கொடுத்த காலத்தில் அடுத்த கருத்தரிப்பு தள்ளிப்போகும். மூன்றாவது தடை கூச்சம். மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது தாயும் கருவுற்றால் ஊர் சிரிக்கும். ஆகவே பேரப்பிள்ளை எடுத்தவர்கள் விலகி வாழ்ந்தனர். இதற்குச் சட்டம் இல்லை. ஊர் வாயே சட்டம்.

ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும். அது ஆகாது என்பர் பெரியோர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஆடி ஏறத்தாழ ஜூலை 17 முதல் ஆகஸ்டு 16 வரை. கருத்தரிப்பிலிருந்து பிறப்பு வரை சுமார் 266 நாள். கூட்டினால் ஏப்ரல் 9 முதல் மே 9 வரை வருகிறது. ஏறத்தாழச் சித்திரையேதான்! ஆனால் இவ்வழக்கம் பிறப்பின் எண்ணிக்கையைக் குறைப்பதன்று. காலத்தை மட்டுமே தள்ளிவைப்பது.

இத்தனை தடைகளும் பெண்ணின் விருப்பத்தால் வந்தவையல்ல என்பதை மறக்கலாகாது. எப்போது மணப்பது, எத்தனை பெறுவது, எப்போது நிறுத்துவது என்ற மூன்றும் அவள் கையில் இல்லை.

கருத்து மாறிய கதை

அது அவள் கைக்கு எவ்வாறு வந்தது? அறிஞர்கள் நெடுங்காலம் ஒரு விதியைச் சொல்லிவந்தனர். தொழிலும் செல்வமும் பெருகும். அதனால் இறப்பு குறையும். சிறிது காலம் சென்று பிறப்பும் குறையும் என்பது அது. அமெரிக்காவின் வாரன் தாம்சனும் (1929), பிராங்க் நோட்ஸ்டைனும் (1945) இதனை வகுத்தனர். இதற்கு மக்கள்தொகை மாறுதல் கோட்பாடு என்று பெயர்.

பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன்ஸ்லி கோல் தலைமையில் ஐரோப்பாவின் பழைய பதிவேடுகளை மாவட்டம் மாவட்டமாக ஆராய்ந்தபோது வியப்பான முடிவு கிடைத்தது. தொழிற்புரட்சி கண்ட இங்கிலாந்தில் பிறப்பு குறைந்தது 1870களுக்குப் பின். பெரிதும் வேளாண் நாடாக இருந்த பிரான்சிலோ 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே குறையத் தொடங்கிவிட்டது. பெல்ஜியத்தில் ஒரே மாதிரி வாழ்ந்த அடுத்தடுத்த ஊர்களில், பிரெஞ்சு பேசும் ஊரில் முன்னதாகவும் பிளெமிஷ் பேசும் ஊரில் பின்னதாகவும் பிறப்பு குறைந்தது. ரான் லெஸ்தாக 1977இல் இதனை விளக்கினார். மக்கள் எம்மொழியில் பேசிக்கொள்கிறார்களோ அம்மொழி வழியாகவே புதிய கருத்தும் பரவுகிறது! செல்வம் மட்டும் போதாது; 'இது செய்யத்தக்க செயல்' என்ற எண்ணம் பிறக்க வேண்டும்.

தமிழகத்தில் அந்த எண்ணம் எவ்வாறு பிறந்தது? 1929இல் பால்ய விவாகத் தடைச் சட்டம் நிறைவேறிற்று. பெண்ணுக்குக் குறைந்த வயது 14 என்றது சட்டம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்காக வாதாடினார். அதே காலத்தில் பெரியார் ஈ. வெ. ரா. 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணம் காட்டிக் கர்ப்பத்தடை வேண்டும் என்றபோது, அவர் காட்டிய காரணம் வேறு. பெண் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார். மாயவரத்தை அடுத்த மூவலூரைச் சேர்ந்த இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை எதிர்த்து இதே படுகையில் ஊர் ஊராகப் பேசினார். மேடைப் பேச்சும் இதழ்களும் வாசகசாலைகளும் இக்கருத்துகளைத் தமிழிலேயே கொண்டுசென்றன. பெல்ஜியத்தின் பாடம் நினைவுக்கு வருகிறதல்லவா?

உறவு முறையும் துணை நின்றது. டிம் டைசன், மிக் மூர் என்ற ஆய்வாளர்கள் 1983இல் வட, தென்னிந்தியாவை ஒப்பிட்டு எழுதினர். வடக்கே பெண்ணை முன்பின் அறியாத தொலைவூரில் கொடுப்பர். தெற்கே அத்தை மகனுக்கோ தாய்மாமனுக்கோ அருகூரில் கொடுப்பர். தாய்வீடு அருகில் இருந்தால் அவள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓட ஓர் இடம் உண்டு. நெருங்கிய உறவில் மணப்பதால் சில பரம்பரை நோய்கள் கூடும் என்பது இதன் மறுபக்கம்.

பொருளாதாரத்தை நான் மறுக்கவில்லை. பண்ணையாள் குடும்பத்தில் ஏழு வயதுச் சிறுவன் மாடு மேய்த்து அரை வயிற்றுக்காவது சம்பாதித்தான். பிள்ளை வரவு, செலவு அன்று. 1952இல் தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு வந்தது. 1982இல் சத்துணவு வந்தது. மாடு மேய்த்தவன் பள்ளிக்குச் சென்றபோது பிள்ளை செலவாக மாறினான். 'நாலு பிள்ளைக்கு நாலு வேலை' என்ற கணக்கு 'ரெண்டு பிள்ளைக்கு நல்ல படிப்பு' என்று திரும்பிற்று. பெண்கள் மெல்ல எழுத்தறிந்தனர். 1901இல் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் இருந்தனர். 2011இல் தமிழகத்தில் நூற்றுக்கு 73 பேர்.

விளைவைப் பாருங்கள். 1971இல் தமிழகத்தில் பிறப்பு வீதம் 31. இறப்பு வீதம் 14. ஆயிரம் குழந்தைகளில் 113 ஓராண்டுக்குள் இறந்தன. ஒரு பெண்ணுக்குச் சராசரி 3.9 பிள்ளைகள். 1993 அளவில் அது 2.1 ஆகக் குறைந்துவிட்டது. 2.1 என்பது ஈடுசெய்யும் அளவு. தாய்க்கும் தந்தைக்கும் ஈடாக இருவர், வளருமுன் இறப்போருக்காகச் சிறிது கூடுதல். பஞ்சாப் தமிழகத்தைவிடச் செல்வமுள்ள மாநிலமாக இருந்தும் இந்த எல்லையை நமக்குப் பின்னரே அடைந்தது. 2020இல் தமிழகத்துப் பிறப்பு வீதம் 13.8, இறப்பு வீதம் 6.1, ஆயிரத்துக்கு 13 குழந்தைகளே இறந்தன. ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளைகள்.

மதகு யார் கையில்?

இதைப் படித்து, எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1976-77 நெருக்கடிநிலைக் காலத்தில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் ஓராண்டில் நடந்தன. பல இடங்களில் வற்புறுத்தல் நடந்தது. கருத்தை மாற்றாமல் உடலை மட்டும் மாற்ற முயன்றதன் விளைவாக, மக்கள் அத்திட்டத்தையே வெறுத்தனர். சிறு குடும்பம் வேண்டும், ஆனால் அதில் ஆண் வேண்டும் என்ற பழைய ஆசை ஒழியாததால், தமிழகத்தின் சில பகுதிகளில் பெண்சிசுக்கள் மாண்டன. 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர நேர்ந்தது. போதும்பொண்ணு என்ற பெயர் மறைந்தாலும் அந்தப் பெயரை இட்ட மனம் எளிதில் மறையவில்லை.

இன்று நம் கேள்வி தலைகீழாகிவிட்டது. 1.4 என்றால் அடுத்த தலைமுறை சிறுத்துவிடும். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டனர். திண்ணைகளில் முதியோர் கூடிவிட்டனர். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, நடவுக்கு ஆள் தேடுகிறோம். அப்படியானால் பிறப்பை மீண்டும் பெருக்க வேண்டும் என்று சிலர் சொல்கின்றனர். நான் இயற்பியல் ஆசிரியன். அதற்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவன் அல்லன். ஒன்று மட்டும் இந்த வரலாற்றிலிருந்து தெளிவாகிறது. ஆணையிட்டுப் பிறப்பைக் குறைக்க முயன்றது வெறுப்பில் முடிந்தது. ஆணையிட்டுப் பெருக்க முயன்றாலும் அவ்வாறே முடியும். மதகின் சாவி பெண்ணின் கைக்கு வர ஒரு நூற்றாண்டு பிடித்தது. அதை மீண்டும் பிடுங்காமல், பிள்ளை வளர்ப்பின் சுமையை வீடும் ஊரும் பகிர்ந்துகொள்ளும் பண்பாட்டை ஆக்குவதே நம் வேலையாகும்.

ஜானகியம்மாளை மீண்டும் நினைத்துப் பாருங்கள். பத்து வயதில் தாலி கட்டப்பட்ட அந்தச் சிறுமி, தமிழ்ப் பெண்கள் சராசரி இரண்டு பிள்ளைகளுடன் நிறுத்திக்கொண்ட காலம் வரை உயிரோடிருந்தார். ஒரே மனித ஆயுளுக்குள் இவ்வளவும் மாறிவிட்டன. பண்பாடு கல்லில் எழுதிய எழுத்து என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, இறுதியாக உங்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூதாட்டி ஒருவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை வயதில் மணமானது? எத்தனை பெற்றீர்கள்? எத்தனை தங்கின? தங்காதவை எதனால் போயின? விடைகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அக்காலத்துக் கிராமங்களில் பதிவேட்டில் ஏறாமலே போன பிறப்புகளும் இறப்புகளும் பல. அவற்றின் ஒரே பதிவேடு அந்த மூதாட்டிகளின் நினைவுதான்.

நான் அப்பாயியிடம் இக்கேள்விகளைக் கேட்டபோது, தங்கிய நால்வரைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. தங்காத ஐவரையும் வரிசையாக, பிறந்த மாதத்தோடு சொன்னார். பெயர் வைக்குமுன்பே போன ஒன்றை மட்டும், "அது ஐப்பசி அடைமழையில பொறந்தது" என்று அடையாளம் சொன்னார். அதை நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.